தும்புத்தடி கோல் கீப்பர்

தரம் 9 படிக்கும் பெண்பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் சேர்ந்திருக்க யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகும்போது அவளுடைய தலைக்கவசத்தோடு பேசலாம். பதில் வராது. இல்லையென்றால் வளவுக்குள் இறங்கி அவளோடு வலைப்பந்து ஆடலாம்.

வளவு மாமியுடையது. சீதனமாக எழுதிக் கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டாலும் அங்கே ஒரு குழி தோண்டுவதென்றால் இன்றைக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். முருங்கைக்குப் பத்தடி தள்ளி, மிளகாய் காயும் பாய்க்கு எதிர்ப்பக்கம் என்று எல்லை வகுத்துத் தந்தார்.

இரும்பு ஒட்டும் கடையில் பத்தடி உயரக் கம்பமும் பதினைந்து அங்குல வளையமும் வேண்டும் என்றேன். "பலகையை எங்கே பூட்டுவது?" என்று கேட்டார் கடைக்காரர். பலகை கூடைப்பந்துக்குத்தான், வலைப்பந்துக்குக் கிடையாது என்று விளக்கினேன். பலகை இல்லாவிட்டால் குறி தவறிய பந்தெல்லாம் எங்கே போகும் என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். எங்கள் அயல்வீட்டுக் கூரை ஓடுகளைக் கேட்டால் சொல்லும். வளையத்துக்குக் கட்டிய வலை குருநகரில் வாங்கிய மீன்வலைத் துண்டு.

இந்த விளையாட்டின் விதிகளை எழுதியவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பந்தோடு ஓடவும் கூடாது. மறிப்பவர் மூன்றடி தள்ளி நின்று கையைத் தூக்கலாம், ஆளைத் தொடக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கணிதப் பரீட்சையில்..." என்று நான் தொடங்கினால், "அப்பா, மூன்று விநாடி முடிந்தது!" என்று பந்தை வாங்கிவிடுகிறாள். கிட்டப் போனால், "அப்பா, மூன்றடி!" பந்து அவள் கையில் இருக்கும்போது கேள்வி கேட்பதை விதிப் புத்தகம் தடுக்கவில்லை. ஆனால் அவள் அப்போது வளையத்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

மகள் கோல் சூட்டர். ஏழு பேரில் வளையத்துக்கு எறியும் உரிமை இருவருக்குத்தான், அதில் ஒருத்தி இவள். புன்னாலைக்கட்டுவனின் தர்ஜினி சிவலிங்கம் நின்ற அதே இடம். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது ஆறடி பத்து அங்குல உயரத்தில் பந்தை வாங்கி வாங்கிப் போட்டவர் அவர். எங்கள் பிள்ளை ஐந்தடியை எட்டிப்பிடிக்கப் பார்க்கிறாள். "புன்னாலைக்கட்டுவனில் எங்கள் பகுதிச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். உயரம் எப்படியும் வரும்" என்று மாமி ஆறுதல் சொன்னார். என் பகுதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

வலய மட்டப் போட்டி நெருங்கியபோது ஒரு செய்தி வந்தது. எதிரணியின் கோல் கீப்பர் பனை மாதிரி நிற்கிறாளாம். நான் கையைத் தூக்கி மறித்துக் காட்டினேன். "காணாது அப்பா" என்றாள். கதிரையில் ஏறினேன். கதிரை ஆடியது. கடைசியில் மகனைக் கூப்பிட்டோம். பதினாறு வயது, கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குப் பொழுதுபோக்கு. வேண்டாவெறுப்பாக வந்தவன் குசினி மூலையிலிருந்து தும்புத்தடியை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தான். மறிப்பு என்றால் அதுதான் மறிப்பு.

மாமி விறாந்தையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். "பெண்பிள்ளையின் தலைக்கு மேலே தும்புத்தடியா? தரித்திரம் பிடிக்கும். தம்பி, நீங்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே!" உயரப் பிரச்சினையை விளக்கினேன். சற்று யோசித்தவர், பாவிக்காத புதுத் தும்புத்தடி என்றால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சந்திக் கடையில் போய் இருப்பதில் நீளமானதைக் கேட்டேன். "ஒட்டறை அடிக்கவா?" என்றார் முதலாளி. "இல்லை, பந்து மறிக்க" என்றேன். மிச்சக் காசைத் தரும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதன்பின் மாலை ஐந்து மணியானால் மகன் தடியைத் தூக்குவான், மகள் அதற்கு மேலால் எறிவாள், நான் பந்து பொறுக்குவேன், மாமி மிளகாய்ப் பாயைக் காவல் காப்பார். மனைவி வேலையால் வந்ததும் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் தேத்தண்ணீர் வைக்கப் போய்விடுவார்.

போட்டிக்கு வருவதற்கு மகள் நிபந்தனை விதித்தாள். பெயர் சொல்லிக் கத்தக் கூடாது, ரீச்சரோடு கதைக்கக் கூடாது, சாப்பாட்டுப் பெட்டியோடு கோட்டருகே வரக் கூடாது. எல்லாம் எனக்குத்தான். அம்மம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

வென்றார்களா என்று கேட்பவர்களுக்கு: மூன்று கோல்களால் தோற்றார்கள். ஆனால் எங்கள் கோல் சூட்டர் அந்த நெடிய பிள்ளையின் கைக்கு மேலால் எறிந்த முதல் பந்து வளையத்தைத் தொடாமலே வலைக்குள் விழுந்தது. மைதானம் ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதிக்குள் வேப்பமர நிழலிலிருந்து மாமியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"இவளைத்தானா பனை என்றார்கள்? எங்கள் தும்புத்தடியைவிடக் கட்டை!"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். உயரத்தை வைத்தே யாருடைய தாய் என்று தெரிந்தது. நான் ஐஸ்பழம் வாங்கப் போய்விட்டேன்.