படியேற்றக் குறிப்புகள், கடலூர்

ஜூன் 3, செவ்வாய்

மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரை பாய் விரித்தாற்போல் சமதரை. படியேறும் பயிற்சிக்கு ஏற்றம் வேண்டுமென்றால் திருவந்திபுரம்தான். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி, உச்சியில் ஹயக்கிரீவர், 74 படிகள். கூட்டம் சேருமுன் போய்விடுகிறேன். செருப்பு கீழே. ஓட்டம் கிடையாது, வேகநடைதான். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

தொடையின் முன்பக்கம் கட்டிக்கொண்டது. ஏற்றம் மூச்சை வாங்குகிறது, ஆனால் வலியைத் தருவது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்படுவதால் வலி உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதே வேலையை விடாமல் செய்தால் தசை பழகி வலி குறைந்துவிடும்.

இன்று பாட்டி ஒருவர் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்கு இறங்கினார். “அவசரம் என்னப்பா, பாத்து எறங்கு” என்றார். முட்டிக்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடப் படியோட்டம் 1978 முதல் நடக்கிறது. 86ஆவது மாடி வரை 1,576 படிகள். ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் 2003இல் 9 நிமிடம் 33 விநாடியில் ஏறினார். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று படி! ஔஷதகிரிக் கணக்கில் 21 தடவைக்கும் மேல். ஆனால் அங்கே ஏறினால் போதும், போட்டியில் இறக்கம் இல்லை. நமக்கோ ஒவ்வொரு தடவையும் இறங்கியாக வேண்டும். படி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே பயிற்சி ஆகாது.

ஜூன் 11, புதன்

அதனால் புதுச்சேரியில் அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். படியில் ஏறி, லிஃப்டில் இறங்கி, மறுபடி படி. காவலாளியிடம் முன்பே சொல்லிவைத்தாயிற்று.

கைப்பிடிதான் பெரிய விஷயம். போட்டியாளர்கள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். காலுக்கான சுமையில் ஒரு பங்கு கைக்கும் முதுகுக்கும் போய்விடும். திருப்பத்தில் உள்பக்கமாகவே திரும்பினால் தூரமும் மிச்சம். இரண்டிரண்டு படியாக ஏறுவது அவர்கள் வழக்கம். எனக்கு அது நான்காவது மாடி வரை சுகமாக வந்தது. அப்புறம் ஒற்றைப் படிக்கு மாறினேன், மூச்சு சீராயிற்று. சரி, முதல் மாடிகளில் இன்னும் மெதுவாக ஏற வேண்டும். ஞாயிறன்று இதே படியில் அதைப் பார்த்துவிடலாம்.