மலை ஏறுமுன் சேலத்தில் சாப்பிடுங்கள்

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பலர் சேலத்தைப் பார்ப்பதே இல்லை. ஜங்ஷனில் இறங்குவார்கள், அல்லது புது பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறுவார்கள். அஸ்தம்பட்டியைத் தாண்டினால் அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 'மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்' என்று பசியையும் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். இந்தத் தடவை நானும் மனைவியும் மதியச் சாப்பாட்டைச் சேலத்தில் முடித்துக்கொண்டுதான் மலையேறுவது என்று முடிவு செய்தோம். மறுநாள் இறங்கியதும் சாயங்காலத்தையும் சேலத்துக்கே ஒதுக்கி வைத்தோம்.

சேலத்தில் கறிச்சோறு எங்கே நன்றாக இருக்கும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் செல்வி மெஸ், மங்களம் மிலிட்டரி ஓட்டல் என்று பேர்கள் வரும். கூடவே, 'எங்க தெரு முக்குல ஒண்ணு இருக்குதுங்ணா, அங்க போங்க' என்று இன்னொன்றும் வரும். நாங்கள் போனது அந்தத் தெரு முக்குக் கடைக்கு. நீள மேசைகள், ஸ்டீல் டம்ளர், சுவரோரமாகக் கை கழுவும் இடம், அவ்வளவுதான். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்த கையோடு ஒருவர் பெரிய தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். அதில் சின்னச் சின்னத் தட்டுகளாக அன்றைக்கு இருக்கிற கறி வகை எல்லாம்: சுக்கா, குடல், தலைக்கறி, மூளை, ரத்தப் பொரியல், காடை, மேட்டூர் டேம் மீன் வறுவல். கொங்கு நாட்டு மெஸ்களில் மெனு கார்டு என்றால் இந்தத் தட்டுதான். எண்ணெய் பிரிந்திருக்கிறதா, கறி நெஞ்செலும்பா தொடையா என்று கண்ணால் பார்த்து விரலைக் காட்டினால் போதும், அந்தத் தட்டு இலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாப்பிடப் போவதை முன்னாலேயே பார்த்துவிடுகிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாங்கள் எடுத்தது குடலும் பள்ளிபாளையம் சிக்கனும். பள்ளிபாளையம் காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே இருக்கிற ஊர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் அதுவும் சேலம் மாவட்டம்தான். அந்தச் சிக்கனில் மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் சேராது. வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, தோலை மட்டும் கை நிறையப் போடுகிறார்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். இலையில் விழுந்ததைப் பார்த்தால் கறியைவிட மிளகாய்தான் அதிகம் போலத் தெரியும், ஆனால் காரம் மிதமாகத்தான் இருந்தது. மிளகாய்த் தோல் எண்ணெயில் வதங்கி லேசாக இனித்தது. தேங்காய்ப் பல்லு கறிச்சாற்றை இழுத்துக்கொண்டு, கடித்தால் ஒரு துளி சாறு விட்டது. கறியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் தேங்காயைப் பொறுக்கித் தின்றேன்.

மட்டன் குழம்பு, அப்புறம் மீன் குழம்பு, அப்புறம் ரசம், மோர். குழம்பு வாளியோடு வந்த பெரியவர் என் மனைவியின் இலையைப் பார்த்துவிட்டு நின்றார். “என்ன கண்ணு, சோறு இவ்வளவுதானா? மீன் கொழம்புக்கு இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கோ.” வேண்டாம் என்று அவள் கையை நீட்டுவதற்குள் சோறு விழுந்துவிட்டது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்ததிலிருந்து இந்த மாவட்டத்துக்குக் கடல் இல்லாத குறை தீர்ந்தது என்று சொல்லலாம். கெண்டையும் ரோகுவும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆற்று மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்க வேண்டும், இருந்தது. மனைவி இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சரி, மலைக்கு வருவோம். ஏற்காட்டில் காப்பிக்கு வயது இருநூறை ஒட்டிவிட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட்டார். வளைவுகள் ஏற ஏற இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி. கண்ணாடியை இறக்கினால் கொடியைத் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் மிளகுச் சரம் தொங்குகிறது. நாங்கள் தங்கின இடத்தின் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்கு வெளியேயும் அதே கொடி.

ஆனால் உள்ளே மேசையில் இருந்த மெனுவில் பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், பட்டர் நான், ஃப்ரைடு ரைஸ். காப்பி கேட்டால் வெந்நீரும் ஒரு பொடிப் பொட்டலமும் வருகிறது. எனக்கு மனசு வலித்தது. வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பழகின சாப்பாடு வேண்டும், நியாயம்தான். அதற்காக, மலை தன் கையால் விளைவிக்கிற காப்பியும் மிளகும் மலையில் தங்குகிறவன் வாய்க்கு எட்டாமல் கீழே இறங்கிப் போவதா? பன்னீர் பட்டர் மசாலா எந்த ஊரிலும் கிடைக்கும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மிளகைச் சேர்வராயன் மலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வாய்ப்பு இங்கே மட்டும்தானே?

பரிமாற வந்த தம்பியிடம் கேட்டேன். “இந்த ஊர் மிளகு போட்டு ஏதாவது செஞ்சு தர முடியுங்களா?”

“யாரும் கேக்கறதில்லைங்க சார்” என்றவர், “இருங்க, மாஸ்டர்கிட்ட கேக்கறேன்” என்று உள்ளே போனார்.

மாஸ்டரே வெளியே வந்தார். மலைக் கிராமத்துக்காரர். வீட்டில் நாலு கொடி இருக்கிறதாம், சமையற்கட்டில் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பாட்டில் மிளகு வைத்திருக்கிறாராம். “சோத்துக்கு முட்டை மிளகு வறுவல், மிளகு ரசம், போதுங்களா?” அரை மணி நேரத்தில் வந்தது. மிளகைப் பொடியாக்காமல் ஒன்றிரண்டாகத் தட்டியிருந்தார். கடையில் வாங்குகிற தூளில் காரம் ஒன்றுதான் மிச்சமிருக்கும். இதில் முதலில் வந்தது வாசனை, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் எழுகிற மாதிரி ஒரு வாசனை. காரம் அதற்குப் பிறகு மெல்ல ஏறி, தொண்டையில் நின்று, காதுக்குப் பின்னால் வேர்க்க வைத்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரசத்தை நான் சோற்றில் விடவே இல்லை, டம்ளரில் வாங்கிக் குடித்தேன். பக்கத்து மேசைக் குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு, “அது என்ன, எங்களுக்கும் சொல்லுங்க” என்று கேட்டது. மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, பகோடா முனையில் சுற்றல், கடைத்தெருவில் காப்பிப்பொடி. காப்பி வாங்குகிறவர்கள் சிக்கரி சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். கண் முன்னால் அரைத்துத் தருகிற கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட். தட்டுவடை என்றால் நம்ம தட்டைதான். அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, எந்தப் பக்கம் போனாலும் நாலு மணிக்கு மேல் தள்ளுவண்டி முளைத்துவிடும். தறி ஓட்டி முடித்தவர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், வெள்ளிப் பட்டறையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தட்டுவடைகளைத் தட்டில் பரப்பி, வண்டிக்கார அக்கா ஒவ்வொன்றிலும் சிவப்புச் சட்னியை ஒரு தடவல், பச்சைச் சட்னியை ஒரு தடவல். மேலே துருவின காரட், பீட்ரூட், பொடி வெங்காயம், கொத்தமல்லி. அப்புறம் இன்னொரு தட்டுவடையை மூடி போட்டு ஒரு அழுத்து. பேசிக்கொண்டேதான் செய்கிறார், கை ஒரு இடத்திலும் நிற்பதில்லை. வாங்கின உடனே முழுசாக வாய்க்குள் போட்டுவிட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் பாதி சட்டையில் விழும், காத்திருந்தால் வடை ஊறிப்போகும். மொறுமொறுப்பு நொறுங்குகிற அதே நொடியில் பூண்டுக் காரமும் பீட்ரூட் இனிப்பும் சேர்ந்து வரும். இதில் மாங்காய் செட், பூண்டு செட், முறுக்கு செட் என்று வகைகள் உண்டு. எனக்குப் பிடித்தது நொறுக்கல். தட்டுவடையைக் கையால் உடைத்துப் போட்டு, சட்னியும் காய்த் துருவலும் கலந்து, கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். சேலத்துக்காரர்கள் வெளியூர் போனால் ஏங்குவது இதற்குத்தான் என்று அக்கா சொன்னார். ஒரு கிண்ணம் முடித்ததும் இன்னொன்று கேட்டேன் என்றால் நம்புவீர்கள்.

வீட்டுக்கு ஜவ்வரிசி வாங்கினோம். சுற்று வட்டாரத்தில் விளைகிற குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பாலெடுத்து, உருட்டி, வறுத்து, காயவைத்துச் செய்வது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது இங்கே ஊன்றிய தொழில், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெஸ்ஸிலேயே ஜவ்வரிசிப் பாயசம் கேட்டிருக்கலாமே என்று மனைவி சொன்னாள். சில கடைகளில் ஞாயிற்றுக்கிழமை போடுகிறார்களாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மெஸ்ஸுக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், மூளையும் தலைக்கறியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாப்பிட்ட உடனே மலை ஏறினால் வளைவுகளில் வயிறு புரளும், அதனால் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு ஏறுங்கள். மே, ஜூனில் போனால் மல்கோவாவும் இமாம்பசந்தும் மண்டியில் குவிந்திருக்கும், பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் எங்கே தங்கினாலும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மிளகைப் பற்றிக் கேளுங்கள். முடிந்தால் மாலையிலேயே கேட்டுவிடுங்கள், மாஸ்டருக்கும் நேரம் கிடைக்கும்.