எல்லாத்துக்கும் 'மாற்றம்' போதாதுங்க

ஆல்டர், கன்வெர்ட், டிரான்ஸ்ஃபார்ம், மெட்டமார்ஃபசிஸ், டிரான்சிஷன்னு ஆங்கிலத்தில் தனித்தனியா இருக்கிற அஞ்சு சொல்லுக்கும் தமிழில் 'மாற்றம்'னு ஒரே சொல்லைப் போட்டால் மொழிபெயர்ப்பு கலங்கிப் போயிடுதுங்க.

திருப்பூர் டீ-சர்ட் லூஸா இருக்குன்னு பக்கத்தில் பிடிச்சுத் தைத்தால் ஆல்டர். சட்டை சட்டையாகவே இருக்கு. 'திருத்தம்' போதும்.

மெட்டமார்ஃபசிஸ், அதாவது உடம்பின் உருவமே வேறாகிறது, பார்க்கணும்னா கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு மனைக்குப் போங்க. புழு நாலு தடவை தோலுரிக்கும். அது வளர்ச்சிதான், உருமாற்றம் இல்லை. அஞ்சாம் பருவம் முடிஞ்சு கூடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியா வருதே, அதுதான் உருமாற்றம். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன்னால் புழு தலையைத் தூக்கிக்கிட்டு, தின்னாமல், அசையாமல் கிடக்கும். டிரான்சிஷனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: பழைய நிலை முடிஞ்சது, அடுத்தது தொடங்கலை. 'இடைநிலை'ன்னு எழுதலாம். அப்போ மல்பெரி இலை போட்டால் தின்ன ஆளில்லை. படுக்கையில் ஈரம் கட்டி நோய் வரும்.

டிரான்ஸ்ஃபார்ம் லத்தீன் வழி வந்த சொல்: டிரான்ஸ்னா கடந்து, ஃபார்மான்னா வடிவம். ஆனா தோட்டத்து டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை மோட்டாருக்குத் தக்கபடி குறைக்கும், அவ்வளவுதான். ஏசி மின்சாரம் (திசை மாறி மாறி ஓடுறது) ஏசியாகவே இருக்கும், அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸும் மாறாது. அதனால அங்கே 'மின்மாற்றி'யை விட 'மின்னழுத்த மாற்றி' துல்லியம். ஏசியை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கினால்தான் கன்வெர்ட். அதுக்கு 'வகைமாற்றம்' போடுங்க.