உருட்டாமல் எப்படியடா தெரியும்?

கண்புரை முற்றி, எதிரில் வருபவர் யாரென்று குரலை வைத்தே சொல்லும் நிலையிலும் எங்கள் அத்தை பட்டுக்கூடு பிரிக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பாலக்கோட்டுப் பக்கம் மல்பெரித் தோட்டம். தருமபுரி அங்காடிக்குக் கூடு போகும் முந்தைய இரவு, சந்திரிகையிலிருந்து, அதாவது புழு கூடு கட்டும் தட்டியிலிருந்து, எடுத்ததையெல்லாம் சாக்கில் பரப்பி நடுவில் உட்கார்ந்துவிடுவார். விரல்களுக்கு நடுவே ஓர் உருட்டு, லேசாக ஓர் அமுக்கு, சந்தேகம் வந்தால் ஒரு குலுக்கு. மெலிந்தது இந்தப் பக்கம், இரட்டைக் கூடு அந்தப் பக்கம், உள்ளே புழு செத்து ஒட்டிக்கொண்டது தனியாக. விலங்கியல் படித்த எனக்கு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அந்த வேகத்தில் பாதி வராது.

ஒருமுறை வம்புக்கு, "விரலை அசைக்காமல் கூட்டின் மேல் வைத்தே சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றேன். "உருட்டாமல் எப்படியடா தெரியும்?" என்று சிடுசிடுத்தார். பாடப்புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று அசைவும் தோலுக்குள் வெவ்வேறு ஆட்களை எழுப்புகின்றன. அமுக்கும்போது வேலை செய்பவை மேல்தோலின் அடியில் இருக்கும் மெர்க்கெல் செல்கள். அழுத்தம் நீடிக்கும்வரை அவற்றின் நரம்பு சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். வளைவும் விளிம்பும் அதில்தான் தெரிகின்றன. உருட்டும்போது மெய்ஸ்னர் உறுப்புகள். விரல் நின்றுவிட்டால் இவையும் ஓய்ந்துவிடும். நழுவலையும் உரசலையும் மட்டுமே பொருட்படுத்துபவை. குலுக்கும்போது, ஆழத்தில் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும் பசீனியன் உறுப்புகள். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். நிலையான அழுத்தத்தை அந்த அடுக்குகளே கரைத்துவிடுகின்றன. மாற்றம் மட்டும் நடுவிலிருக்கும் நரம்பு முனைக்குப் போகிறது. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வு என்றால் அபாரக் கூர்மை. உயிருள்ள கூட்டுப்புழு உள்சுவரில் 'டொக்'கென்று தட்டுவது இதற்கு எட்டுகிறது. இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிறு நாளெல்லாம் நினைவுக்கு வராததற்கும் இந்த ஓய்ந்துபோகும் குணம் ஒரு காரணம்.

அழுத்தம் எப்படி மின்சேதியாக மாறுகிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் செல்களை மெல்லிய கண்ணாடிக் குழாயால் குத்திக் குத்திப் பார்த்து, மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, 2010-இல் பியெசோ புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். செல்லின் சவ்வு இழுபட்டால் திறந்துகொள்ளும் வாசல்கள் அவை. 2021-இல் நோபல் பரிசு, மிளகாயின் காரத்தை வைத்துச் சூட்டை உணரும் வாசலைக் கண்ட டேவிட் ஜூலியஸோடு சேர்த்து. தோலுக்கு மட்டுமல்ல, தசைக்குள் இருந்துகொண்டு கைகால் எங்கே இருக்கிறது என்று சொல்லும் உணர்வு உறுப்புக்கும் அவற்றில் ஒன்றான பியெசோ-2 வேண்டும். அது பிறவியிலேயே இல்லாதவர்கள் கண்ணைக் கட்டினால் நடக்கவே தடுமாறுகிறார்கள். மின்சாரம் போன இரவில் தழைக்கூடையோடு புழு மனைக்குப் போய்வரும் அத்தை அதை நம்பித்தான் போகிறார்.

அவருக்குச் சர்க்கரையும் உண்டு. நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும் என்பதால் கைவிரலுக்கு முன் பாதம் மரத்துப்போகும். மருத்துவர் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும்முன் கண்ணை மூடச் சொன்னார். "மூடாவிட்டால் மட்டும் என்ன தெரியப்போகிறது?" என்றார் அத்தை. இடது பெருவிரலுக்குக் கீழே ஓரிடத்தில் இழை பட்டது தெரியவில்லை. மல்பெரிக் கட்டை குத்தினாலும் தெரியாது என்பதால் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் தரையே தெரியவில்லையாம். வரப்பில் கழற்றி வைத்துவிடுகிறார்.