ஒரு வாய்க்கால், ஒரு சர்வே எண், நான்கு வாக்குச்சீட்டு

2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இரண்டையும் பார்த்துவிட்ட நமக்கு, 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று செய்தியில் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. பிசையத்தான் செய்யும். ஆனால் 'பருவநிலை மாற்றம்' என்று மனுவில் எழுதிக்கொண்டு போனால் எந்த அலுவலகத்திலும் அதை வைக்க இடமில்லை. அங்கே முதலில் கேட்பது சர்வே எண். அதனால் கவலையை ஒரு சர்வே எண்ணாக மாற்றுவதுதான் முதல் வேலை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 33 லாரி. ஏரிக்குப் போகிற வரத்துக்கால்வாய் அடைபட்டால் இந்தத் தண்ணீர் டிசம்பரில் தெருவுக்குள் வரும். ஏரியும் நிறையாது. அதே தெருவில் ஏப்ரலில் காலிக் குடங்கள் வரிசையில் நிற்கும். வெள்ளம், வறட்சி இரண்டுக்கும் ஒரே அடைப்புதான் காரணமாக இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

உங்கள் ஊர் ஏரிக்கு அல்லது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேண்டாம், ஒன்று போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் பார்க்கலாம். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்தான்) கொடுத்தால், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டு விவரம் வரும். அதில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடை, ஏரி என்று வகைப்பாடு இருக்கும். அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தில் கோட்டோரமாக நீள அகலம் மீட்டரில் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் இரண்டு பேர் 30 மீட்டர் டேப்போடு நடந்து, 50 மீட்டருக்கு ஒருமுறை அகலத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். அடைத்திருப்பது சீமைக்கருவேலமா, கொட்டிய கட்டட இடிபாடா, குப்பையா, சிறிய குழாயா என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். நாமே அளந்ததை வைத்து 'ஆக்கிரமிப்பு' என்று எழுதிவிடுவது முதல் தவறு. எல்லைக்கல் காணாமல் போயிருக்கும். நம் அளவு சட்டப்படி செல்லாது. வட்டாட்சியர் அலுவலகம் வழியாக நில அளவரைக் கொண்டு அளந்து தரும்படி மட்டும் கேளுங்கள். இரண்டாவது, யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பதிவை மட்டும் பார்ப்பது. அப்போது சில வாய்க்கால் நிலங்கள் தவறாகப் பட்டாவாக ஏறியிருக்கின்றன. பழைய கிராமக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாதத்துக்குப் போகாதீர்கள்.

அடுத்து, ஏரி யாருடையது? ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் தவறான மேசைக்குப் போன மனுக்கள் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் இதைப் பொறுத்தே மாறும். நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். மற்றப் புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், அதில் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் முதலில், 6-ஆம் பிரிவு நோட்டீஸ் பிறகு. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கரையோரக் குடிசையிலிருந்து தொடங்காதீர்கள். மாற்று இடம் இல்லாமல் ஒரு குடும்பத்தை எழுப்புவது நியாயமும் இல்லை, ஊரும் இரண்டாகப் பிளக்கும். பெரும்பாலும் தண்ணீரை நிறுத்துவது சாலைக்குக் கீழே இருக்கும் குழாய்தான்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் விட்டக் குழாயின் வாய் 0.28 சதுர மீட்டர். 90 சென்டிமீட்டர் குழாய்க்கு 0.64. விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, வாய் இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. சாலையை ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் பழைய குழாய் அப்படியே கீழே கிடக்கும். பாதிவரை மண் ஏறியிருக்கும். மிச்சம் இருக்கும் அரைவட்டத்தில் ஒரு சிமென்ட் சாக்கு சிக்கினால் அவ்வளவுதான், மேல்பக்க வயல் முழுக்கக் குளம். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் படுகையைவிட உயரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் எத்தனை முறை தூர் வாரினாலும் பயன் இல்லை.

இப்போது கிராமசபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தாலோ மழை வந்தாலோ தேதி தள்ளிப்போகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பருக்குள் வேலை முடிந்தாக வேண்டும். மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் என்று மாதங்கள் ஓடும். ஆகவே வாய்க்கால் தீர்மானத்துக்கு ஜனவரி, மார்ச் கூட்டங்கள்தான் சரியானவை. மே முதல் தேதி கடைசி வாய்ப்பு. அக்டோபர் 2-இல் கைதட்டி நிறைவேற்றினால் அது அடுத்த வருடத்துக்குத்தான் உதவும்.

கூட்டம் செல்லுபடியாக ஆள் எண்ணிக்கை உண்டு. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தீர்மானம் இப்படி இருக்கலாம், மாதிரிக்கு: 'சர்வே எண் 112/3 வாய்க்கால் புறம்போக்கு, 640 மீட்டர் நீளம், தூர் வாரவும், சாலை கடக்கும் இடத்தில் 60 செ.மீ. குழாயை அகற்றி 90 செ.மீ. குழாய் இரண்டு வரிசை பதிக்கவும், செப்டம்பர் 15-க்குள் முடிக்கவும், நீர்வளத்துறை உதவிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்கிறது.' குழாயின் அளவை முடிவுசெய்வது பொறியாளர்தான். ஆனால் ஓர் எண் எழுதியிருந்தால் அதை ஏற்கவோ மறுக்கவோ அவர் பதில் எழுதியாக வேண்டும். 'ஏரியைச் சீரமைக்க வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக் காட்டி, அதற்குப் பிறகு கையெழுத்து. அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் தூர் வாரவில்லை?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. இருக்கிற ஆவணத்தைத்தான் சட்டம் தருகிறது. 'தீர்மான நகல் வந்த தேதி, அதன்மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், இந்த வாய்க்காலுக்குக் கடந்த மூன்று ஆண்டில் செலவிட்ட தொகை, அதன் அளவீட்டுப் புத்தக நகல்' என்று கேளுங்கள். அளவீட்டுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்று இருக்கும். உங்கள் டேப் கணக்கு அங்கேதான் கைகொடுக்கும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது வாக்காளர் பட்டியல். அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பவர், தான் நனையும் தெருவுக்கும் வாக்களிப்பதில்லை, ஊர்க் கூட்டத்துக்கும் வருவதில்லை. குடியிருக்கும் இடத்துக்கு மாற்றப் படிவம் 8. புதிதாகச் சேரப் படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதில் 18 வயது நிறைந்தாலும் சேரலாம். 17 முடிந்ததும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அட்டை கையில் இருக்கிறது என்பதற்காகப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வாக்குப்பதிவு நாள் காலையில் அதைத் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை. வேட்புமனு முடிகிற நாளுக்குப் பத்து நாள் முன்பே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். தலைவர் ஓட்டுக்கு எல்லோரும் யோசிப்போம்; பச்சைச் சீட்டில் கை போன இடத்தில் முத்திரை விழும். ஆனால் ஒன்றியத்து ஏரிகளுக்குப் பணம் பேசப்படுவது அந்தப் பச்சைச் சீட்டில் ஜெயித்தவர் உட்காரும் கூட்டத்தில்தான். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. பிரதிநிதி இல்லாத காலத்திலும் கிராமசபை உண்டு, தீர்மானமும் உண்டு.

வேட்பாளர் வாசலுக்கு வரும்போது தீர்மான நகலைக் கையில் கொடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தச் சர்வே எண் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? எந்த நிதியிலிருந்து செய்வீர்கள்? எந்த மாதத்துக்குள்? பதிலைத் தேதியோடு அந்த நகலின் பின்பக்கத்திலேயே எழுதுங்கள். எல்லா வேட்பாளருக்கும் அதே மூன்று கேள்வி, அதே தாள். ஜெயித்தவரின் பதிலை அடுத்த ஜனவரி 26 கிராமசபையில் வாசித்து, அதையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.