அம்மா காத்த டிஸ்சார்ஜ் தாள்

ஒளிப்படத்தில் என் கண்மணி வெள்ளையாகப் பளிச்சிட்டதை அம்மா கவனித்தபோது எனக்கு ஒன்றரை வயது. இரண்டு கண்களிலும் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். இடக்கண்ணை அகற்றினார்கள், வலக்கண்ணைக் கதிரியக்கச் சிகிச்சையால் காப்பாற்றினார்கள். குணமாகிவிட்டது என்று சொன்னதை நம்பி, வளர்ந்த பிறகும் பல ஆண்டுகள் நான் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

கேட்டிருக்க வேண்டும். இரண்டு கண்களிலும் இந்நோய் வந்தவர்களுக்கு ஆர்பி1 மரபணுவின் குறைபாடு கண்ணோடு நிற்பதில்லை. பெரும்பாலும் உடலின் எல்லாச் செல்களிலும் அது இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு இது உண்டு என்பதால், மரபணுப் பரிசோதனை அவர்களுக்கும் அவசியம். எலும்பிலும் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களிலும் வரும் புற்றுநோய்கள், தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் எங்களுக்கு வாழ்நாள் முழுவதும் கூடுதல். கதிர்பட்ட முகப்பகுதியில் அது இன்னும் அதிகம்.

ஆகவே வாரக்கணக்கில் விடாத எலும்பு வலியையோ, வளர்ந்துகொண்டே போகும் கட்டியையோ, நிறமும் வடிவமும் மாறும் மச்சத்தையோ நான் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதில்லை. கதிர்வீச்சு உள்ள சிடி ஸ்கேன் எழுதினால், அது இல்லாத எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்கிறேன். அதற்காக எக்ஸ்ரே என்றாலே ஓடுவதும் தவறு. தேவையான பரிசோதனையைத் தவிர்ப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. புகையைப் பற்றி விவாதமே இல்லை, தொடக்கூடாது.

மிஞ்சியிருக்கும் ஒரு கண்ணைக் காப்பது தனி வேலை. பவர் தேவைப்படாவிட்டாலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அணிகிறேன். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது குடத்தின் வாய் தம்ளரின் விளிம்பில் பட்ட பிறகே சாய்ப்பேன். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடுவது கடினம். செயற்கைக் கண்ணை ஆண்டுக்கொரு முறை மெருகேற்றக் கொடுக்கிறேன். கீறல் விழுந்த பரப்பு இமையின் உட்புறத்தை உறுத்திச் சீழ் கட்ட வைக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கதிரியக்கத்தால் கண்புரை வரக்கூடும் என்பதால் வலக்கண்ணுக்கும் முறையான பரிசோதனை உண்டு. கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பெற்றவர்கள் செவித்திறனையும் சோதித்துக்கொள்வது நல்லது.

திருமணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த மரபணுக் குறைபாடு செல்லும் வாய்ப்பு சரிபாதி. எங்கள் மகளின் கண்களைப் பிறந்த சில நாட்களிலேயே பரிசோதிக்க, கர்ப்ப காலத்திலேயே மருத்துவரோடு பேசி ஏற்பாடு செய்திருந்தோம்.

இத்தனைக்கும் அடிப்படை, எனக்கு என்ன சிகிச்சை தரப்பட்டது என்ற விவரம். சிகிச்சை பெற்ற இடத்தில் பழைய கோப்புகளை அழித்துவிட்டார்கள். பீரோவில் ஒரு துணிப்பைக்குள் அம்மா மடித்து வைத்திருந்த, மடிப்புகளில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் தாளில்தான் கதிரியக்க அளவும் தேதிகளும் கிடைத்தன. அதன் நகல் இப்போது என் பர்ஸில் இருக்கிறது.