எட்டு மழைக்காலம் கண்ட மடிக்கணினி

2017 தீபாவளிக்கு வாங்கிய என் மடிக்கணினி, காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலைக்கு 2025 அக்டோபரில் வந்துவிட்டது. "எட்டு வருஷம் உழைச்சாச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றாள் மனைவி. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

வாங்குவதற்கு முன், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் 15 சதவீதத்தைத் தாண்டாமல் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. என்னுடையது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகும்; விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிப் படிப்பதால், ஒவ்வொன்றுக்கும் அதன் முள் நகர்ந்து காத்திருக்க வேண்டியிருக்கிறது. சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்கில் சுழலவோ நகரவோ எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் சாலையில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தாராவித் தம்பி ஒருவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது நினைவகப் பலகையான ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்ததுதான். பம்பாய் ஈரத்தில் முனைகளில் படலம் படியுமாம். ரப்பர்த் துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். பிறகு, "அண்ணே, டிஸ்க், பேட்டரி, உடைஞ்ச திரைக் கீல் மூணையும் மாத்தினா எட்டாயிரம் ஆகும்" என்றார். இதற்கு நிகரான புதிய கணினி ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டாதவரை பழுது பார்க்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் இந்த இயந்திரத்துக்கு இன்னும் எத்தனை காலம் மிச்சம் என்பதை அது கேட்பதே இல்லை. இதில் ஓடும் விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என்னுடைய ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் இல்லை. தனியாகப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். எனக்கு மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் மனைவி கணக்கு வேலை பார்ப்பது இதில்தான். அவளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், டேலிக்கு விண்டோஸ் வேண்டும்.

ஆக, ஓராண்டுக்கு மேல் இதை நம்ப முடியாது. அப்படியானால், இது போன பிறகும் பயன்படும் பாகத்துக்குத்தான் காசு போட வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு, எந்தக் கணினியோடும் இணைத்துக்கொள்ளலாம். பேட்டரி இந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துவது, அதிலும் கடைத்தெருவில் கிடைப்பவற்றில் போலியும் உண்டு. ராமைக் கூட்டலாமா என்றால், இதில் இருப்பது டிடிஆர்4 வகை ராம். புதியவை பலவும் டிடிஆர்5க்கு மாறிவிட்டதால் அவற்றில் இது செருகவே செருகாது. கீலை மட்டும் விட்டுவைக்க முடியவில்லை. திரைக்குப் போகும் கேபிள் அதன் வழியாகத்தான் செல்கிறது, உடைந்த கீல் ஒருநாள் அதையும் அறுத்துவிடும். புதுக் கீல் வேண்டாமென்று சொல்லி, பெயர்ந்த திருகுகளை எபாக்ஸிப் பசை வைத்து ஒட்டித் தரச் சொன்னேன்.

எஸ்எஸ்டிக்கும் ஒட்டு வேலைக்கும் சேர்த்து 4,400 ரூபாய் ஆயிற்று. இப்போது காபி கொதிப்பதற்கு முன்பே திரை வந்துவிடுகிறது. பேட்டரி இன்னமும் 40 நிமிடம்தான் தாங்குகிறது. மேசைக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருப்பதால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.